மேஜையைச் சுற்றி நடக்கும் பேச்சு: ரோல்பிளேயிங் விளையாட்டும் நட்பும்

1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் தன் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டை ஏற்பாடு செய்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர், அதைக் குறிவைத்து நிற்கும் இரண்டு படைகள். இந்த மாதிரி ஆட்டத்தில் வழக்கமாகப் பலகையில் ஆளுக்கொரு படையை நகர்த்துவார்கள், அவ்வளவுதான். வெஸ்லி படைத்தலைவர்களோடு நிற்காமல் ஒருவரை ஊர் மேயர் ஆக்கினார், ஒருவரை வங்கிக்காரர் ஆக்கினார், இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் ஆக்கினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நோக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

படைகள் மோதவே இல்லை. நண்பர்கள் பலகையை விட்டுவிட்டு மூலைக்கு மூலை நின்று பேசிக்கொண்டார்கள், பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் வந்து, தாங்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு விதியே இல்லை. நின்ற இடத்தில் வெஸ்லி ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் கைமீறிப் போய்விட்டது, இது தோல்வி என்று அவர் முடிவு செய்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்த நண்பர் வட்டத்தில் டேவ் ஆர்னிசன் என்பவரும் இருந்தார். அவர் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, நண்பர்களை வாரக்கணக்கில் அதற்குள் உலவவிட்டார். பிறகு அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதி 1974இல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசி ஆடும் விளையாட்டு. முதல் அச்சில் வந்தவை 1,000 பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, வெஸ்லி எதைக் குறை என்று நினைத்தார் என்பதுதான். ஆட்கள் பலகையை மறந்து ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதை அவர் குறையாகப் பார்த்தார். அந்தக் குறைதான் இன்று இந்த விளையாட்டே. அதனால் இதில் வரும் சந்தோஷமும் சிக்கலும் பெரும்பாலும் பகடையிலிருந்து வருவதில்லை, விதிப்புத்தகத்திலிருந்தும் வருவதில்லை. நண்பர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதிலிருந்து வருகின்றன.

இதுவரை ஆடிப் பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதிலுள்ள மற்ற மனிதர்களையும் அவர் சொல்லிக்கொண்டு போவார். மீதிப் பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "பாலம் பாதி எரிந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுகிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேம் மாஸ்டர் கேட்பார். ஆடுகிறவர் பதில் சொல்வார். அந்தச் செயல் நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவார்கள். இருபது பக்கப் பகடையைப் பார்த்தவர்கள் அதைத்தான் இந்த விளையாட்டின் அடையாளமாக நினைக்கிறார்கள். உண்மையில் நான்கு மணி நேர ஆட்டத்தில் பகடை உருளும் நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பேச்சு. வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010இல் வெளியிட்ட அபொகலிப்ஸ் வேர்ல்டு என்ற இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டின் விதிப்புத்தகம், ரோல்பிளேயிங் என்பதே ஓர் உரையாடல் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் விதிகளுக்குப் போகிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 புத்தகத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒரு தொடர் ஆட்டத்தில் நான்கு பேரிலிருந்து ஐம்பது பேர் வரை ஆடலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அன்று அது ஒரு கிளப்பின் விளையாட்டு. ஐம்பது பேரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். வந்தவர்கள் அன்றைக்கு ஆடுவார்கள், அடுத்த முறை வேறு ஆட்கள் வருவார்கள், உலகம் மட்டும் தொடரும். பிறகு மெல்ல மெல்ல இது ஒரு சிறிய நண்பர் வட்டத்தின் விளையாட்டாகச் சுருங்கியது. அதே ஐந்து பேர், அதே பாத்திரங்கள், மாதக்கணக்கில் ஒரே கதை. இந்த மாற்றத்தால் ஆழம் வந்தது, கதைக்கு நினைவு வந்தது. கூடவே ஒரு பாரமும் வந்தது. ஐம்பதில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஐந்தில் ஒருவர் வராவிட்டால் மேஜையே காலியாகத் தெரியும்.

நான், நீ, அவன்

1970களின் பிற்பகுதியில் கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் மினசோட்டாவில் இப்படி ஆடும் குழுக்களோடு உட்கார்ந்து, தானும் ஆடி, அவர்களைக் கவனித்து, 1983இல் அதைப் புத்தகமாக்கினார். எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளரின் கருத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று ஆட்கள். ஒன்று, வீடும் வேலையும் தலைவலியும் உள்ள மனிதர். இரண்டு, விதி தெரிந்த, பகடையை எண்ணிப் பார்க்கும் ஆட்டக்காரர். மூன்று, குகைக்குள் தீப்பந்தத்தோடு நிற்கும் பாத்திரம். பேச்சு இந்த மூன்று தளங்களுக்கு இடையே நொடிக்கு நொடி தாவிக்கொண்டே இருக்கும்.

"நான் அவனை நம்பல" என்று ஒருவர் சொல்கிறார். யார் சொன்னது? பாத்திரமா, ஆட்டக்காரரா, நண்பரா? பழகிய குழு குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும். புதிய குழு தடுமாறும்.

தமிழில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் வாயைத் திறந்தாலே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் ஒருவர் உண்டு, மற்ற எல்லோருக்கும் அவர் அண்ணா. அவர் எடுத்த பாத்திரம் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் பதினாறு வயதுப் பையன். எங்களில் சின்னவள் எடுத்த பாத்திரம் ஒரு படைத்தலைவி. முதல் நாள் அவள், "அண்ணா, நீங்க போய் குதிரையைக் கொண்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். லாயப் பையனிடம் எந்தப் படைத்தலைவி இப்படிக் கேட்பாள்? அவளுக்கும் அது தெரிந்தது, ஆனால் வாய் வரவில்லை. இரண்டாவது வாரம் வினைச்சொல்லே இல்லாமல் "குதிரை!" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தாள். மூன்றாவது வாரம், எதிரி ஊருக்குள் புகுந்துவிட்ட காட்சியில், "டேய், குதிரை எங்கடா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். மேஜை ஒரு நொடி அமைதியானது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இதோ வந்துட்டேங்க" என்றார். அந்த ஒரு வரியில் இருவரும் பாத்திரத்துக்குள் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்து கிளம்பும்போது, "அண்ணா, பார்த்துப் போங்க" என்றாள்.

அவள் அப்படிப் பேச முடிந்ததற்குக் காரணம் அவர்தான். அதட்டலை அவர் அதட்டலாக வாங்கிக்கொண்டார். முகம் சுளித்திருந்தாலோ, "என்னம்மா இது" என்று சிரித்து மழுப்பியிருந்தாலோ அவள் மறுபடி அந்தக் குரலை எடுத்திருக்க மாட்டாள். ஒருவர் நன்றாக நடிப்பது மற்றவர் அதை எப்படி ஏற்கிறார் என்பதில் இருக்கிறது. கதை சொல்கிறவருக்கு எதிரே 'ம்' கொட்ட ஒரு ஆள் வேண்டும் என்பார்களே, அதே விஷயம்தான். இந்த மேஜையில் எல்லோரும் கதை சொல்கிறவர்கள், எல்லோரும் 'ம்' கொட்டுகிறவர்கள். "சரி, அப்புறம்?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்கிற ஒரு ஆள் இருந்தால் கூச்சக்காரர்கூட இரண்டு மாதத்தில் பேசத் தொடங்குவார். தன் முறை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் ஒருவர் இருந்தால் நன்றாகப் பேசுகிறவரும் சுருங்கிவிடுவார். எந்த விதிப்புத்தகமும் இதைச் சரிசெய்து கொடுக்காது.

கூச்சக்காரரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. "யாராவது ஏதாவது செய்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எப்போதும் அதே இரண்டு பேர்தான் பதில் சொல்வார்கள். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "அவன் இப்போது எங்கே நிற்கிறான்?" என்று கேட்டால் பதில் வரும். ஏனென்றால் அது சின்னக் கேள்வி, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அதில் இல்லை. கேம் மாஸ்டர் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைகளில் நான் முதலில் வைப்பது இதை. குரலை மாற்றிப் பேசுவது, வரைபடம் போடுவது எல்லாம் பிறகுதான்.

"என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்"

மூன்று தளங்களும் கலந்து குழம்பும்போது என்ன ஆகும் என்பதை நான் கேம் மாஸ்டராக இருந்த ஓர் ஆட்டத்தில் கிட்டத்தில் பார்த்தேன். குழுவில் ஒரு திருடன், ஒரு பூசாரிப் பெண். பூசாரியின் தம்பி ஒரு கோட்டையில் சிறைப்பட்டிருந்தான். அவனை மீட்க ஆறு வாரமாக ஆடி ஒரு ரத்தினக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஏழாவது வாரம், எல்லோரும் தூங்கும் காட்சியில், திருடனாக ஆடிய நண்பன் கல்லை எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டான். கதைக்கு நல்ல திருப்பம் என்று அவன் நினைத்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று மற்றவர்கள் கேட்டதும், "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்றான். பூசாரியாக ஆடியவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சீக்கிரம் கிளம்பிவிட்டாள். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று செய்தி வந்தது. அதற்கடுத்த வாரமும்.

நான் செய்த தவறு, இதை ஆட்டத்துக்குள்ளேயே தீர்க்கப் பார்த்தது. காவலர்களை அனுப்பித் திருடனைப் பிடித்து அடைத்தேன். நியாயம் செய்ததாக எனக்குத் தோன்றியது. அவனுக்கோ, நான் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு அவனைத் தண்டிப்பதாகத் தோன்றியது. பாத்திரத்துக்குக் கொடுத்த தண்டனை பாத்திரத்தோடு நிற்கவில்லை, நேராக நண்பனிடம் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் இருவரையும் தனித்தனியே போனில் கூப்பிட்டுப் பேசினேன். அப்போதுதான் தெரிந்தது, அவளுக்குத் தன் சொந்தத் தம்பியோடு பேச்சு நின்று ஒரு வருடமாகியிருந்தது. அந்தக் கோட்டைத் தம்பியை மீட்பது அவளுக்கு எதுவாக இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கே அந்த இரவுதான் முழுதாகத் தெரிந்தது என்றாள். திருடனாக ஆடியவனிடம் இதில் எவ்வளவு சொல்லலாம் என்று அவளிடமே கேட்டு, அதை மட்டும் சொன்னேன். அவன் அன்றே அவளைக் கூப்பிட்டுப் பேசினான். அடுத்த வாரம் பகடையை எடுக்குமுன் ஐந்து நிமிடம் பேசினோம். அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினோம்: திருடன் கல்லை எடுத்துக்கொண்டு போனான், சந்தை வாசல்வரை போனான், விற்காமல் திரும்பி வந்து பூசாரியை எழுப்பினான். கதையாகப் பார்த்தாலும் இதுதான் மேலான கதை என்று இன்றும் நினைக்கிறேன்.

பாத்திரத்தின் உணர்வு ஆடுகிறவருக்குள்ளும், ஆடுகிறவரின் உணர்வு பாத்திரத்துக்குள்ளும் கசிவதை ரோல்பிளேயிங் வட்டாரங்களில் 'ப்ளீட்' என்கிறார்கள். எமிலி கேர் பாஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் கொண்டுவந்த சொல். கசிவு கெட்டது இல்லை. கசியாவிட்டால் ஆறு வாரம் ஒரு கல்லை யார் தேடுவார்கள்? கசிகிறது என்று குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் தேவை. "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற வாக்கியம் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பாத்திரம் தானாகப் பிறந்துவிடவில்லை, அதை உண்டாக்கியது நாம். இந்த நான்கு நண்பர்களோடு வாரா வாரம் உட்காரப் போகிற பாத்திரம் இது என்று தெரிந்தே உண்டாக்கினோம்.

முன்பே பேசிக்கொள்வது

இப்படிப்பட்ட அனுபவங்கள் பல குழுக்களுக்கு ஏற்பட்ட பிறகுதான் 'செஷன் ஜீரோ' என்ற வழக்கம் பரவியது. கதை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, எந்த மாதிரி ஆட்டம் வேண்டும், எவ்வளவு சண்டை, எவ்வளவு சிரிப்பு, பாத்திரங்கள் ஒருவரையொருவர் ஏமாற்றலாமா கூடாதா என்றெல்லாம் பேசி வைத்துக்கொள்வது. எங்கள் ரத்தினக் கல் விவகாரத்தில் அந்தக் கடைசிக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் போதும்.

ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் இதற்காக இரண்டு எளிய சொற்களைக் கொடுத்தார்: கோடு, திரை. கோடு என்றால் அந்த விஷயம் நம் கதைக்குள் வரவே வராது. திரை என்றால் வரலாம், ஆனால் கதவு சாத்திக்கொள்ளும், நாம் விவரமாகப் பார்க்க மாட்டோம். ஒருவருக்குக் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்வது கோடாக இருக்கும், இன்னொருவருக்குச் சித்திரவதை திரையாக இருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இன்னும் எளிது. ஒரு அட்டையில் எக்ஸ் குறி போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுவது. ஆட்டத்தில் ஏதாவது ஒருவருக்கு ஒவ்வாமல் போனால் அட்டையைத் தொடுவார். அந்த விஷயத்தை அப்படியே எடுத்துவிட்டு ஆட்டம் தொடரும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

"நண்பர்களுக்குள் இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. முன்பின் தெரியாதவர் மனதைப் புண்படுத்தினால் எழுந்து போய்விடலாம். நண்பர் முன்னால் அப்படிப் போக மனம் வராது, சொல்லவும் வராது, ஆட்டத்தைக் கெடுத்த பழி வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அட்டை அந்த இடத்தில் கைகொடுக்கிறது. எங்கள் மேஜையில் அதை யாரும் அதிகம் தொட்டதில்லை. ஆனால் அது அங்கே கிடப்பதால், "இதை மாத்திக்கலாமா?" என்று வாயால் சொல்வது எளிதாகிவிட்டது.

ஒருவர் சுமக்கும் பாரம்

கேம் மாஸ்டரின் இடம் விசித்திரமானது. நண்பர்களில் ஒருவர்தான், ஆனால் அந்த நான்கு மணி நேரம் உலகமே அவர் வாயில் இருக்கிறது. இதை வெளியிலிருந்து பார்த்தவர்கள் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாபன் சிறையில் 2004இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத் தடை செய்தார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் அதன்படி நடப்பது ரவுடிக் கும்பலின் அமைப்பைப் போல இருக்கிறது என்பது சிறை நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு கைதி வழக்குத் தொடுத்தார். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒப்பீடு பொருந்தாது. கேம் மாஸ்டர் என்ன செய் என்று சொல்வதில்லை, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறார். மூன்று இரவு உட்கார்ந்து தயார் செய்த கோட்டையை நண்பர்கள் ஏறெடுத்தும் பார்க்காமல், வழியில் பேச்சுக்குச் சொன்ன ஒரு படகுக்காரனின் பின்னால் போய்விடுவார்கள். அப்போது கோட்டையை மடித்து வைத்துவிட்டு, படகுக்காரனுக்கு ஒரு பெயரும் ஒரு மனைவியும் ஒரு கடனும் அந்த நிமிடமே உண்டாக்க வேண்டும். அதிகாரம் என்று பார்த்தால் அது மிகவும் மெல்லிய அதிகாரம். மேஜையில் உள்ளவர்கள் நம்பும்வரைதான் உண்டு.

உழைப்போ மெல்லியது இல்லை. நாள் குறிப்பது, எல்லோருக்கும் நினைவூட்டுவது, புதியவருக்கு விதி சொல்லிக் கொடுப்பது, வராதவருக்குக் கதைச் சுருக்கம் சொல்வது, இருவருக்குள் உரசல் வந்தால் சமாதானம் பேசுவது என்று எல்லாமே வழக்கமாக ஒரே தலையில் விழும். பல குழுக்கள் கலைவதற்கு இதுதான் காரணம்: ஒருவர் களைத்துப் போகிறார், மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இதைப் பிரித்துக்கொள்வது கஷ்டமான காரியமே இல்லை. போன வாரக் கதையை ஒருவர் எழுதி வைக்கலாம், நாள் குறிக்கும் வேலையை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், விதி சந்தேகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லலாம். நடத்தும் பொறுப்பையே சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் குழுக்களும் உண்டு. கேம் மாஸ்டரே இல்லாத ஆட்டங்களும் வந்துவிட்டன. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ஃபியாஸ்கோவில் எல்லோரும் சேர்ந்து காட்சி அமைப்பார்கள், ஒரே இரவில் கதை முடிந்துவிடும், முன்தயாரிப்பு கிடையாது. களைத்துப்போன கேம் மாஸ்டரை ஒரு வாரம் சும்மா ஆட்டக்காரராக உட்கார வைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், நாள் குறிப்பது. ஐந்து பெரியவர்கள் ஒரே மாலையில் கூடுவது என்பது எந்த டிராகனையும்விடப் பெரிய எதிரி. ஒவ்வொரு முறையும் "எல்லாருக்கும் எப்போ வசதி?" என்று கேட்கும் குழு கூடாமலேயே போகும். இரண்டாவது நான்காவது வெள்ளி என்று நிலையாக வைத்துக்கொண்டு, மூன்று பேர் வந்தாலும் ஆடுவோம் என்று முடிவு செய்யும் குழு நீடிக்கும். வராதவரின் பாத்திரம் அன்று கூடாரத்தைக் காவல் காக்கட்டும். பென் ராபின்ஸ் என்ற கேம் மாஸ்டர் வெஸ்ட் மார்ச்சஸ் என்ற தன் ஆட்டத்தில் இதை ஒரு படி மேலே கொண்டு போனார். நிலையான நாளும் இல்லை, நிலையான குழுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வட்டத்தில் யார் யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள், எப்போது போகிறார்கள் என்பதை ஆடுகிறவர்களே பேசி முடிவு செய்துகொண்டு அவரிடம் வருவார்கள். 1974இன் பெரிய கிளப் வடிவம் வேறொரு வழியில் திரும்பி வந்தது போலத்தான் இது.

ஊர் மாறிப் போன நண்பர்களுக்கு இணையம் உதவுகிறது. ரோல்20 போன்ற தளங்கள் 2012இலிருந்தே இருக்கின்றன. 2020இல் வீட்டுக்குள் அடைபட்ட மாதங்களில் மேஜையில் ஆடிய பல குழுக்கள் கணினித் திரைக்கு மாறின. ஆனால் திரையில் ஆடும்போது நட்பின் ஒரு பகுதி தொலைந்துபோகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச முடியாது, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்க முடியாது, ஆட்டத்துக்கு முன் அரை மணி நேர வெட்டிப் பேச்சு இருக்காது. அந்த வெட்டிப் பேச்சில்தான் ஒருவர் மூன்றில் முதல் ஆளாக, அதாவது வீடும் வேலையும் தலைவலியும் உள்ள மனிதராக, மற்றவர்களுக்குத் தெரியவருகிறார். அதனால் திரையில் ஆடும்போது நாங்கள் முதல் இருபது நிமிடத்தை எதுவும் ஆடாமல் ஒதுக்கி வைக்கிறோம்.

இன்னொரு பக்கம், மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. 2015இல் தொடங்கிய கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சி ஏராளமானவர்களை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தது. அதில் ஆடுகிறவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் புதியவர் நமக்கு அப்படிப் பேச வராதே என்று தயங்குகிறார். வரத் தேவையில்லை. "அவன் கோபமாகப் பதில் சொல்கிறான்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும், மேஜையில் இருப்பவர்களுக்குக் கோபம் தெரிந்துவிடும். நம் ஆட்டத்துக்குப் பார்வையாளர்கள் என்று தனியாக யாரும் இல்லை.

1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைப் பற்றிப் பெரிய பீதி கிளம்பியது. 1979இல் ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனதற்கும், பிறகு சில இளைஞர்களின் தற்கொலைகளுக்கும் இதைக் காரணமாக்கினார்கள். சாத்தான் வழிபாடு என்றுகூடப் பேசினார்கள். பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அறைக்குள் பிள்ளை தனியாக இல்லை. எதிரே நான்கு பேர் இருந்தார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டால்தான் ஆட்டமே நகரும்.

பல தொடர் ஆட்டங்கள் முடிவதில்லை, நின்றுபோகின்றன. ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் வேலை மாறுவார், இரண்டு வாரம் தள்ளிப்போகும், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். முடிக்காமல் விட்ட கதை ஒரு சின்ன மனத்தாங்கலாகவே எல்லோருக்குள்ளும் தங்கிவிடும். ஆட்டம் இனி நீளாது என்று தெரிந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, கடைசியாக ஒரு மாலை கூடி முடித்துவிடுவது நல்லது. எங்கள் பூசாரி வேறு நாட்டுக்குப் போவது உறுதியானதும் அப்படித்தான் கூடினோம். கோட்டைக் கதவு திறந்தது, தம்பி வெளியே வந்தான். அவனாக நான் பேச வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். லாயப் பையனாக ஆடும் அண்ணா, "தம்பியா நான் பேசட்டுமா?" என்று கேட்டார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, சரி என்றேன். அவர்கள் இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை, பகடை உருளவில்லை.

கிளம்பும்போது அவள் தன் பாத்திரத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு வருடம் பென்சிலால் எழுதி அழித்து எழுதி, பாத்திரத்துக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்புள்ளியை எழுதும் கட்டத்தில் காகிதம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பின்பக்கம் ஒரு செல்லோடேப் துண்டு ஒட்டி, அதன் மேலே கடைசி எண்ணை எழுதியிருந்தாள்: 3.